லட்சுமணசாமியின் வலது காது

தாராபுரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் லட்சுமணசாமி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். மிலிட்டரிக்காரர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். பீரங்கிப் படையில் இருந்தவர். ஒருநாள் பயிற்சியில் பீரங்கி பக்கத்திலேயே வெடித்து வலது காது போயிற்று. ரத்தம் நின்ற பிறகு அந்தப் பக்கம் சுவர் வைத்து அடைத்தாற்போல் ஆகிவிட்டது.

படையிலிருந்து அனுப்பும்போது மூன்று டாக்டர்கள் கூடி உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். அதற்குப் பெயர் போர்டு. குறை படை வேலையால் வந்ததா, வீட்டிலிருந்தே கொண்டுவந்ததா என்று முதலில் முடிவு செய்வார்கள். அதன்பிறகு, முழு ஆளை நூறு என்று வைத்தால் அதில் எத்தனை பழுது என்று சொல்வார்கள். லட்சுமணசாமிக்கு வேலையால் வந்தது, முப்பது என்று எழுதினார்கள். சில வருஷம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும். இருபதுக்குக் கீழே போனால் ஊனத்துக்கான பென்ஷன் நின்றுபோகும். மழை பொய்த்துக் காடு கரம்பாய்க் கிடந்த காலம். அந்தப் பென்ஷனை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தொண்ணூற்று நாலில் மறு போர்டுக்கு அழைப்பு வந்தது.

அதே படையில் இருந்து, காலில் இரண்டு விரலை இழந்து வந்த பொங்கியண்ணன், சேதி கேட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "நாந்தான் கெட்டிக்காரனாட்டம் வேகமா நடந்து காட்டிப்போட்டு பத்துல நிக்கறேன். வெரலு மொளைச்சிருச்சுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது. நீயாவது சூதானமா இரு மாப்ள" என்றார். காதில் மெஷினை மாட்டுவார்கள், சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள், வலது காதுக்கு வரும்போது விரலை அசைக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்காத காதுக்கு எதற்கு இத்தனை பாடம் என்று லட்சுமணசாமி சிரித்தார்.

அவர் மனைவி மாரியாத்தாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் குலதெய்வத்தின் முன் உட்கார்ந்து கவுளி கேட்பார்கள். கவுளி என்றால் பல்லி. சாமிக்கு வலப்பக்கம் இருந்து அது சொன்னால் உத்தரவு. சொல்லும்வரை வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். புருஷனைக் கூட்டிக்கொண்டு பொழுது சாய்கையில் கோயிலுக்குப் போனாள்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. திரி எரிகிற சத்தம்தான். லட்சுமணசாமி திடுமென்று கையைத் தூக்கினார். "வலத்தால சொல்லிருச்சு" என்றார். மாரியாத்தாள் கேட்கவில்லை. பூசாரி மயில்சாமியும் கேட்கவில்லை. செவிட்டுக் காதுக்கு மட்டும் தனியாகச் சொல்லுமோ என்று பூசாரி வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குமுன் வலப்பக்கத்து உத்திரத்திலிருந்து கவுளி சொன்னது. இப்போது மூன்று பேருக்கும் கேட்டது. பூசாரி அதன்பிறகு சிரிக்கவில்லை. திருநீறு கொடுக்கும்போது அவர் கை லட்சுமணசாமியின் கையைத் தொடாமல் விலகிக்கொண்டது.

மலைமேல் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் மூடுபனி சன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. காது பார்க்கிற பாலகோபால் ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்தார். சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் தன் மூச்சே தனக்கு அந்நியமாகக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகோபாலின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. இடது காது சீக்கிரம் முடிந்தது.

வலது காதில் ஒன்றும் இல்லை. அமுக்கக் கூடாது என்று விரலை விறைப்பாக வைத்திருந்தார். அப்போது செத்த காதுக்குள் கவுளி சொன்னது. உத்திரமும் இல்லை, பல்லியும் இல்லை. காதுக்கு உள்ளேயிருந்தே சொன்னது.

பொங்கியண்ணன் சொன்னது நினைவில் இருந்தது. வீட்டு அடுப்பும் நினைவில் இருந்தது. ஆனால் சாமி சொன்ன சொல்லைக் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று உட்கார்ந்திருக்க அவருக்குப் பயமாக இருந்தது. வருவது வரட்டும் என்று அமுக்கினார். மறுபடி சொன்னது. மறுபடி அமுக்கினார்.

கண்ணாடிக்கு அப்பால் பாலகோபாலின் தலை நிமிர்ந்தது. எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"ஏனுங்க, எதைக் கேட்டு அமுக்கறீங்க?"

"சத்தம் கேட்டுதுங்க."

"நான் சத்தம் அனுப்பறதுக்கு முந்தியே அமுக்கறீங்க. அனுப்பலாம்னு கையக் கொண்டுபோறேன், அதுக்கு முன்னாடியே நீங்க அமுக்கி மெஷின்ல விளக்கு எரியுது."

போர்டின் பெரிய டாக்டர் வந்தார். அவரே மெஷின் முன் உட்கார்ந்தார். விட்டுவிட்டு அனுப்பிப் பார்த்தார், அனுப்புவதுபோல் போய் நிறுத்தியும் பார்த்தார். நிறுத்தியபோது விளக்கு எரியவில்லை. அனுப்பியபோதெல்லாம் ஒரு கணம் முந்தி எரிந்தது.

பிறகு மற்ற இரண்டு டாக்டர்களோடு கூடிப் பேசினார். அனுப்பிய பிறகு ஒரு தடவைகூட இவர் அமுக்கவில்லை. ஆகவே வெளிச் சத்தம் கேட்கிற காது இல்லை என்று முடிவானது. உள்ளே தானாக எழும் சத்தத்துக்குப் புத்தகத்தில் இடம் இருந்ததாம். முந்திக்கொண்டு வருவதற்கு இடம் இல்லை. அதனால் அதை எழுதவில்லை. முப்பது முப்பதாகவே நின்றது. இனி காட்ட வர வேண்டியதில்லை, ஆயுசுக்கும் இதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லும்போது லட்சுமணசாமியின் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

வராந்தாவில் மாரியாத்தாள் கைகூப்பி அழுதாள். இருவரும் படி இறங்கப் போகையில் பாலகோபால் பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"மெஷினுக்கு மட்டுந்தானுங்களா? இல்ல, வேற எது வரப்போகுதுன்னாலும் முன்னாடியே சொல்லுமுங்களா?"

லட்சுமணசாமி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"நீங்க வந்து பக்கத்துல நின்னதுலிருந்து விடாமச் சொல்லிட்டே இருக்குதுங்க" என்றார்.

பாலகோபால் மெல்லத் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். வராந்தா முழுக்கப் பனிதான். மாரியாத்தாள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.