தெரியாதவர்களுக்கு இடது கை

கணக்கு டீச்சருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பள்ளியில் சேர்ந்து ஒரு பருவம் முடியப்போகிறது. இன்று தலைமையாசிரியை வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊரில் இவர் தலையைக் கண்டாலே வராந்தா கப்சிப். பிள்ளைகள் வைத்த பெயர் 'இடி'. இங்கோ உள்ளே நுழைந்தால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒருத்தன் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "அந்த வரி தப்புன்னு நினைக்கிறேன்" என்கிறான். அதைவிடக் கொடுமை, அது தப்பாகவே இருந்து தொலைக்கிறது.

"திட்டிடாதம்மா. இங்க கேள்வி கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல," என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே!

முந்தின நாள் டீச்சர் பழைய அஸ்திரத்தை எடுத்தார். ஊரில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் காலங்காலமாக நடப்பதுதான். "நாளைக்கு நான் கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை." ஏதோ விளையாட்டு என்று நினைத்து வகுப்பும் தலையாட்டியது.

தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் கணக்கைப் போட்டு முடித்துக் கேள்வி கேட்டார். வகுப்பு முழுக்கக் கைகள். வலது கைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டார். பதில் கணீரென்று வந்தது. அடுத்ததும் வலது கை. அதற்கடுத்ததும்.

"ஒரு நிமிஷம்," என்றான் ஆப்பிள்காரன், தூக்கிய கையை இறக்காமலே. "நான் இடது கை. எனக்குத்தான் தெரியல. தெரிஞ்சவங்களையே கேட்டுட்டிருக்கீங்க, என்னை எப்போ கேப்பீங்க?"

குட்டு உடைந்தது, வேலை போச்சு. நாக்கு நுனிவரை வந்த 'வாயை மூடு'வை டீச்சர் சிரமப்பட்டு விழுங்கினார். அவனிடம் திமிர் இல்லை, நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தான். ஊரில் இத்தனை வருஷத்தில் இடது கை தூக்கிய ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தொலைந்தது! அந்தக் கைகளெல்லாம் இப்போது கண்முன் எழுந்து நின்றன.

"எங்க புரியல, சொல்லு."

"ரெண்டாவது வரியிலயே."

போனால் போகட்டும் வேலை என்று போர்டை அழித்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, பதிலுக்குப் பயந்துகொண்டே கேட்டார்: "வேற யாருக்கெல்லாம் புரியல?"

வலது கைகள் சில இறங்கி இடது கைகளாக ஏறின. கடைசி வரிசையில், சிரிக்காமல், தலைமையாசிரியையும் இடது கையைத் தூக்கினார்.