பூத்த செடியில் நின்ற தண்ணீர்

புரோமிலியாட் பூச்செடி வளர்ப்பதில் எனக்குத் திமிர் இருந்தது. மண்ணில் ஊற்றாதே, இலைகள் கூடும் நடுக்குழியில் ஊற்று என்று மாத்தளையில் எங்கள் தெருவுக்கே பாடம் எடுத்தவள் நான். முன் விறாந்தையில் பதினெட்டுச் சட்டிகள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். கொட்டாவிட்டால் நுளம்பு முட்டையிடும்.

தங்கச்சியின் பிரசவத்துக்காக எல்கடுவைக்குப் போய் மூன்று வாரம் தங்கினேன். கிளம்பும்போது கணவரிடம் ஒன்றுதான் சொன்னேன், குழி காயக்கூடாது என்று. அவரும் காயவிடவில்லை. வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் திரும்பியபோது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றார்கள். காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளையும் சோதிப்பது வழக்கம். மறுநாள் காலையிலேயே சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார். என் வீட்டில் ஒன்றும் கிடைக்காது என்று சிங்களத்தில் நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

கூரைப் பீலியைப் பார்த்தார். ஃபிரிட்ஜின் பின்தட்டைப் பார்த்தார். பிறகு பூத்திருந்த செடியின் குழிக்குள் ஒரு ரப்பர்க் குழாயை விட்டுத் தண்ணீரை உறிஞ்சி, வெள்ளைக் கோப்பையில் விட்டுக் காட்டினார். நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுக்க வந்த தாய் மதிலோரம் நின்று அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தச் செடிக்குப் பக்கத்துலதான் அக்கா எம்புள்ள வெளையாடும்," என்றாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

ஒரு நாளில் துப்புரவாக்காவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் போனார். நான் கணவர்மேல் பாய்ந்தேன்.

"பழைய தண்ணிய கொட்டாம எதுக்குங்க மேல மேல ஊத்துனீங்க?"

"நீ கொட்டச் சொல்லலையே."

உண்மைதான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுப் பீலியிலும் புழு இருந்திருக்கும் என்று அவர் மெதுவாக இழுத்தார். வாயை மூடச் சொன்னேன்.

பதினேழு சட்டிகளைக் கவிழ்த்துக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினேன். இனி மண்ணில் மட்டும்தான் தண்ணீர். நிறம் மங்கினால் மங்கட்டும். பூத்த செடிக்கு அது சரிவரவில்லை. பூந்தண்டு குழியை அடைத்துக்கொண்டிருந்ததால் எப்படிக் கவிழ்த்தாலும் இலையிடுக்கில் தண்ணீர் நின்றது. அந்த ரோஸ் நிறப் பூவுக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். கத்தியை எடுத்து அடியோடு வெட்டினேன். இலை இலையாகப் பிய்த்தபோது ஒவ்வோர் இடுக்கிலும் புழு இருந்தது. அடியில் முளைத்திருந்த இரண்டு குட்டிகளையும் விடவில்லை. எல்லாவற்றையும் பிள்ளையின் தாய் கண்ணில் படும்படி முற்றத்து வெயிலில் பரப்பினேன்.

ஆறாம் நாள் பிள்ளை வீடு வந்தது. பார்க்கப் போனேன். தாய் கதவருகிலேயே நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. எந்த நுளம்பு கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் துடித்தது.

"ரோஸ் பூ இன்னும் இருக்கா ஆன்ட்டி?" என்று பிள்ளை படுத்தபடியே கேட்டது.

"வெட்டிட்டேன்மா."

"நல்லது," என்றாள் தாய்.