நாலு முஷ்டி உயரத்தில்

“சிமிட்டுதா, முறைக்குதா?”

அக்கா எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். போனின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் மூச்சிரைத்துக்கொண்டிருப்பார். பறக்கும் தட்டு ஒன்று தன் மொட்டை மாடியைக் குறிவைத்து நிற்கிறது என்று பதறி, அவசர உதவி எண்ணை அழுத்தியிருப்பார். இந்தக் கேள்வி அவருக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

“என்னம்மா கேக்குறீங்க?”

“வெளிச்சம்னு சொன்னீங்களே ஐயா. அது கண்ணைச் சிமிட்டுதா, இல்ல உங்களையே முறைச்சுப் பாக்குதா?”

“முறைக்குதும்மா.”

“அப்ப கிரகம். சிமிட்டுறதுதான் நட்சத்திரம். சூரியன் இறங்கின பக்கமா நிக்குது?”

“ஆமா.”

“கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க. வானம் தரையைத் தொடுற இடத்துல இருந்து முஷ்டி மேல முஷ்டியா அடுக்கிட்டே போங்க. எத்தனை வருது?”

“மூணு... மூணரை.”

“வெள்ளி. தங்கமான கிரகம், யாரையும் ஒண்ணும் பண்ணாது. போய்ச் சாப்பிடுங்க.”

மொத்தம் நாற்பது விநாடி.

தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் மூன்றுக்கும் பொதுவான கட்டுப்பாட்டு அறை அது. தரைக்குக் கீழே, ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஆறு மேசை, ஆறு பேர், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஏசி. மூன்றாம் மேசை அக்காவுடையது. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுந்திருப்பார். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். தீ, விபத்து, மாரடைப்பு என்று எல்லாவற்றையும் மற்றவர்களைப் போல அவரும் எடுப்பார். ஆனால் வானத்தில் ஏதோ தெரிகிறது என்று எந்த மேசைக்கு அழைப்பு வந்தாலும், “அசரீரி அக்காவுக்குத் தள்ளு” என்று மூன்றாம் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்து வானத்து விஷயம் சொல்வதால் வந்த பெயர். தன்னைவிட மூன்று வயது மூத்த தீயணைப்பு வண்டி ஓட்டுநர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பதிலுக்கு அண்ணே என்கிறார். கணக்கு சரியாகிவிடுகிறது.

ஜனங்களுக்குப் பயம் வந்தால்தான் தலை நிமிர்கிறது என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. ஒரு வக்கீல், வெள்ளி தன் காரைப் பின்தொடர்வதாகப் புகார் கொடுத்தார். “வண்டியை நிறுத்திப் பாருங்க ஐயா, அதுவும் நிக்கும். மரியாதை தெரிஞ்சது.” வாடகை வீட்டுக்காரர் ஒருவர், மாடிக்கு மேலே சிவப்பாகத் தெரிவது வீட்டுச் சொந்தக்காரர் வைத்த கேமரா என்றார். அது செவ்வாய். மூன்று டிரோன்கள் ஒரே வரிசையில் நின்று வேவு பார்க்கின்றன என்று கூவிய ஒரு அம்மாளுக்கு, “அந்த மூணும் உங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான் நிக்குதும்மா, இன்னும் ஒண்ணையும் கண்டுபிடிக்கல” என்று ஓரியனின் இடுப்புப் பட்டையை அறிமுகப்படுத்தினார். பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் கலராக மினுக்குவதாக யாராவது சொன்னால் கேள்வியே கேட்க மாட்டார். “அது சீரியஸ்ங்கிற நட்சத்திரம். கொஞ்சம் பகட்டுக்காரி.”

இத்தனை ஞானமும் ஒரு அவமானத்தில் பிறந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மேற்கே குன்றுக்குப் பின்னால் தீ என்று ஒருவர் சொன்னதை நம்பி அக்கா வண்டியை அனுப்பினார். வண்டி மணியடித்துக்கொண்டு பதினேழு கிலோமீட்டர் போனது. பிறகு வயர்லெஸ்ஸில் அந்த ஓட்டுநர் அண்ணனின் குரல் வந்தது: “அக்கா, நாங்க போகப் போக அதுவும் போகுது. இன்னும் கொஞ்சம் விரட்டினா சூரியனையே பிடிச்சிடலாம். டீசல்தான் பத்தாது.” அன்றிலிருந்து இன்றுவரை, வாசலில் பார்க்கும்போதெல்லாம் அவர் விசாரிப்பது ஒன்றையே: “என்னக்கா, வெள்ளி எதுவும் பத்திக்கிச்சா?” மறுநாளே அக்கா நூலகத்துக்குப் போய் வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தார். எந்த மாதம் எந்தக் கிரகம், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவர் எழுதி ஒட்டிய அட்டை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இப்போதும் இருக்கிறது.

இதில் வேடிக்கை, அக்கா வானத்தைப் பார்ப்பதே இல்லை. வெள்ளியை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் எரிச்சல் வந்துவிடும். “பல் டாக்டர் வீட்டுக்குப் போயும் பொண்டாட்டி வாயையா பாத்துட்டு உக்காந்திருப்பார்?” சோபா தைக்கும் அவருடைய வீட்டுக்காரருக்கு வேறு வருத்தம். “ஊருக்கெல்லாம் நட்சத்திரம் காட்டுறா. எங்க வீட்டுக் கூடத்துல பல்பு போய் ரெண்டு மாசம் ஆச்சு” என்பார்.

புத்தகம் கற்றுக்கொடுத்த கேள்விகள் உண்மையில் நான்கு. நான்காவதுதான் முக்கியமானது. “ஒரு கம்பத்தோரமா நில்லுங்க. வெளிச்சத்தைக் கம்பத்தை ஒட்டினாப்புல வச்சுப் பாருங்க. கால் மணி நேரம் கழிச்சு, அசையாம அதே இடத்துல நின்னு மறுபடி பாருங்க. நகர்ந்திருந்தா அது வானத்துது. நகரலைன்னா நம்ம ஆளுங்க மாட்டினது.” ஆரம்பத்தில் எல்லோரிடமும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேர் பரவப் பரவ அது உதிர்ந்துவிட்டது. இளவயதுக் கண்காணிப்பாளர் ஒருவர் புதிதாக வந்தார். அழைப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அவர் திரையில் அந்த மேசை மஞ்சளாகும், ஐந்தைத் தாண்டினால் சிவப்பாகும். நாற்பது விநாடியில் முடிக்கும் அக்காவுக்கு அவர் நற்சான்றிதழ் கொடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சான்றிதழ் கொடுத்தால் இன்னும் சீக்கிரமாகவே சறுக்கும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஆறே முக்காலுக்கு, துணி தேய்க்கும் கடைக்காரப் பெண் ஒருத்தி தன் மாடியிலிருந்து கூப்பிட்டாள். காய்ந்த துணி எடுக்க வந்தவள்.

“மேடம், மேல பளிச்சுனு ஒரு வெளிச்சம்.”

“சிமிட்டுதா, முறைக்குதா?”

“முறைக்குது.”

மேற்குப் பக்கம். நாலு முஷ்டி. அட்டையில் வெள்ளிக்கு அந்த மாதம், அந்த நேரத்துக்கு எழுதியிருந்ததும் நாலு முஷ்டிதான். “வெள்ளிம்மா. துணியை எடுத்துட்டு இறங்குங்க.” முப்பத்தாறு விநாடி. அக்காவுக்கே அது சாதனை.

எட்டே காலுக்கு அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்ன வெள்ளி இன்னும் அங்கேயே நிக்குது.”

“நிக்காதும்மா. இந்நேரம் ஒன்றரை முஷ்டிக்கு இறங்கியிருக்கும்.”

“அதைத்தான் சொல்ல வர்றேன். சாயங்காலம் ரெண்டு இருந்துச்சு, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு இறங்கித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயிடுச்சு. இன்னொண்ணு அதே நாலு முஷ்டியில நிக்குது.”

இரண்டு என்று அவள் முதலில் சொல்லவில்லை. எத்தனை என்று அக்காவும் கேட்கவில்லை.

“அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம். அடுத்த தெருவுல ஏதோ பெரிய கட்டடம் கட்டுறாங்க.”

“கிரேன் நிக்குதா?”

அவள் மாடிச் சுவரோரம் போய்ப் பார்க்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரலில், “பகல்ல நிக்கும் மேடம். இருட்டுல தெரியாது” என்றாள்.

அக்கா அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். அது வெறும் விளக்காகவும் இருக்கலாம். அணைக்க மறந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாலையில் புதிதாக முளைத்து, தெருவைப் பார்த்து ஒன்றரை மணி நேரமாக அசையாமல் நிற்கும் விளக்கை யாரோ ஒருவர் அங்கே வைத்திருக்க வேண்டும். “கிரேன்ல ஆள் இருக்கார்னு நிச்சயமாத் தெரியுமா அக்கா?” என்றார் கண்காணிப்பாளர். “தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கான பொத்தானை அழுத்தினார். உலகத்தில் எத்தனையோ ஓட்டுநர்கள் இருக்க, அன்று பணியில் இருந்தது வெள்ளியை விரட்டிய அவரேதான்.

“அண்ணே, மேற்கால ஒரு வெளிச்சம். வண்டியை எடுங்க.”

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு இரண்டாம் மேசைக்கே கேட்டது. “அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க. பசங்களும் கேக்கட்டும்.”

“சிரிச்சுக்கிட்டே எடுங்கண்ணே. கிரேன் மேல ஒரு ஆள் மாட்டியிருக்கார்னு நினைக்கிறேன். ஆறே முக்காலுக்கே சொன்னாங்க. நான்தான் அவரை வெள்ளின்னு சொல்லிட்டேன்.”

சிரிப்பு நின்றது. வண்டி கிளம்பும் மணிச் சத்தம்தான் அடுத்துக் கேட்டது.

அதற்குப் பிறகான இருபத்தைந்து நிமிடத்தில் அக்கா ஒரு தீயையும் ஒரு பிரசவத்தையும் எடுத்தார். இடையிடையே வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தார். மேலே இருந்தவர் விழுந்திருந்தால், அல்லது மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால், அந்த முப்பத்தாறு விநாடியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் வயர்லெஸ் கரகரத்தது.

“அக்கா, உங்க கிரகம் கையாட்டுது.”

கிரேன் ஓட்டுபவர் அவர். வேலை முடிந்து இறங்கக் காலெடுத்து வைத்தபோது முழங்கால் பிசகிவிட்டது. பிடிமானத்துக்காகக் குனிந்ததில் போன் பையிலிருந்து நழுவி, அவருக்கு முன்னால் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஜெனரேட்டர் இரைச்சலில் கத்தினாலும் கேட்கவில்லை. டார்ச்சைக் கிரேன் கூண்டின் ஜன்னல் கம்பியில் கட்டித் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே கொண்டுவந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, தன்னைக் கிரகம் என்று சொன்ன கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். “வெள்ளியா? பரவாயில்லயே! எங்க வீட்டுல என்னைச் சனின்னுல்ல சொல்லுவாங்க.”

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அழுதார். திரும்பி வந்தபோது கண்காணிப்பாளர், அக்காவின் சமயோசிதத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது என்று அறிக்கை எழுதி முடித்திருந்தார். “முதல் அழைப்பையும் எழுதுங்க சார்” என்றார் அக்கா. “அது எதுக்கு அக்கா, யார் கேக்கப் போறாங்க?” என்றார் அவர். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கண்காணிப்பாளர் எழுதினார்.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். மேற்கே வெளிச்சம். முறைக்கிறது. மூணே முக்கால் முஷ்டி. ஒன்றுதான், பக்கத்தில் வேறு எதுவுமில்லை. ஐந்து மேசைக்காரர்களுக்கும் அது வெள்ளி என்று தெரியும். பெரியவருக்கே பாதி தெரிந்திருந்தது.

“பக்கத்துல கம்பம் இருக்கா ஐயா?”

“விளக்குக் கம்பம் இருக்கு. எரியாது.”

“ரொம்ப நல்லது. அதோரமா நில்லுங்க. வெளிச்சத்தைக் கம்பத்தை ஒட்டி வச்சுக்குங்க. கால் மணி நேரம் அசையாதீங்க.”

“கால் மணி நேரமா? கொசு கடிக்குதும்மா. அது வெள்ளிதானே, நீங்களே சொல்லிடுங்களேன்.”

“நீங்க பாத்துச் சொல்லுங்க ஐயா. நானும் லைன்லயே இருக்கேன்.”

மற்ற மேசைகள் அக்காவின் பங்கு அழைப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டன. பெரியவர் தன் சர்க்கரை அளவைப் பற்றிச் சொன்னார், மருமகனைப் பற்றிச் சொன்னார், பிறகு பட் பட்டென்று கொசு அடித்துக்கொண்டிருந்தார். திரையில் மூன்றாம் மேசை மஞ்சளாகி, சிவப்பானது. கண்காணிப்பாளர் எழுந்து வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, விரித்த உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.