ரப்பர் வேகும் நேரம்

திங்கட்கிழமை காலை, ஆவடியில் என் வீட்டு வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் கம்பெனி பிரஸ் செக்‌ஷன் குமார் போனில் பேசினார்.

"சார், பிலோமினா மேடம் ஊட்டுக்கு ஒடனே வாங்க. நெஞ்சுவலியாம். விடியக்காலையிலயே முடிஞ்சிபோச்சு."

"யாருக்கு, அந்தோணி சாருக்கா?" என்றேன். அந்தோணி சார் மேடத்தின் கணவர். பக்கவாதம் வந்து பல வருடங்களாக நாற்காலியோடு இருப்பவர். அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் அவரைப் பற்றித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் மனசுக்குள் தயாராகியிருந்தோம்.

"இல்ல சார். மேடத்துக்கு."

நான் குமாரைத் திட்டிவிட்டேன். செய்தி சொன்னவரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியாது, ஆனால் திட்டினேன். எங்கள் கம்பெனியில் யார் முதலில் போவார்கள் என்று வரிசை போட்டிருந்தால் பிலோமினா மேடம் கடைசியில் நின்றிருப்பார். முதல் இடம் எனக்குத்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தொப்பை மூன்றும் என் பெயரில்தான் பட்டாவாகியிருக்கின்றன.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கான ரப்பர் புஷ்ஷும் வாஷரும் செய்கிற சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. அவர் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பகுதிக்குப் பொறுப்பு, நான் ஸ்டோர்ஸ். எங்கள் இருவருக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு கம்பி வலைதான். ஆகவே அவர் செய்ததையெல்லாம் விரும்பியும் விரும்பாமலும் பார்த்த சாட்சி நான்.

மேடம் இளம் வயதில் பிரஸ் ஓட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தார். ரப்பரை அச்சில் வைத்து பிரஸ்ஸை மூடிவிட்டால், அது வேகும்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முன்னாடி திறந்தால் பிசின், பின்னாடி திறந்தால் கருகல். அந்தச் சில நிமிடங்களில் ஆபரேட்டர்கள் பல் குத்துவார்கள், செல்போன் பார்ப்பார்கள், பக்கத்து பிரஸ்காரரின் குடும்ப விவகாரத்தை விசாரிப்பார்கள். மேடமும் அப்படித்தான் இருந்திருக்கிறார், அந்தோணி சார் விழும்வரை.

அந்தோணி சார் லேத் பட்டறை வைத்திருந்தவர், நல்ல ஆகிருதி. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்குள் மேடத்தின் இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்த்த டாக்டர், "உங்க முதுகுக்கும் காலுக்கும் பலம் வேணும், தவறாம எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றாராம்.

"எப்ப டாக்டர் பண்றது? கனவுலயா?" என்று மேடம் கேட்டாராம்.

கேள்வி நியாயமானது. விடியுமுன் எழுந்து கணவருக்குக் குளியல், சமையல், பகலில் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைப்பு, கரையான்சாவடியிலிருந்து அம்பத்தூருக்கு பஸ், கம்பெனி, மறுபடி பஸ், புதன்கிழமை தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம், சனிக்கிழமை மாதா கோயில் பாடகர் குழு. இந்த வாரத்தில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. டெஸ்பாட்சுக்கு மாறிய பிறகு ஒருநாள், அப்படி யோசித்துக்கொண்டே பிரஸ் செக்‌ஷன் பக்கம் போனவர், வேகும் ரப்பருக்கு முன்னால் வாய் பார்த்து நின்ற ஆட்களைக் கண்டார். அங்கேதான் அவருக்குப் புத்தியில் தட்டியது.

"சார், டைம் எங்க கீதுன்னு தேடாதீங்க. எங்கெல்லாம் சும்மா நின்னுகினு கீறோம்னு பாருங்க. எல்லாம் ரப்பர் வேகற நேரந்தான்" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் காத்திருப்பு எல்லாம் வேகும் நேரமானது. குக்கர் விசில் அடிக்கும்வரை அடுப்படியில் குதிகாலை உயர்த்தி இறக்குவார். பஸ் வரும்வரை நிறுத்தத்தில் ஒற்றைக் காலில் நிற்பார். பில் அச்சாகும்வரை கால்களை அகட்டி, முதுகு வளையாமல் உட்கார்ந்து எழுவார். லாரி வரும்வரை டெஸ்பாட்ச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவார். ஒருநாள் புதிதாக வந்த லாரி டிரைவர் இதைப் பார்த்துப் பதறி, "யம்மா, செவுரு உழுதா?" என்று ஓடிவந்து தானும் தோளைக் கொடுத்துத் தள்ளினார். மேடம் தள்ளுவதை நிறுத்தவில்லை. "நல்லா தள்ளுப்பா, முதுக வளைக்காத" என்று மட்டும் சொன்னார்.

மனம் போன போக்கில் செய்கிறவரல்ல. திங்கள், புதன், வெள்ளி காலுக்கு. செவ்வாய், வியாழன் கைக்கும் முதுகுக்கும். ஏன் இந்தப் பாகப்பிரிவினை என்று கேட்டேன். "ஒரே எடத்த தெனிக்கும் போட்டு இடிச்சிகினே இருந்தா சதை எப்ப சார் ஊறும்? அதுக்கும் வேகறதுக்கு டைம் குடுக்கணுமில்ல?" என்றார். அதற்காகச் சுலபமாகவும் விடமாட்டார். கடைசி இரண்டு முறை முகம் கோணவில்லை என்றால் அது கணக்கிலேயே வராது, வெறும் ஆட்டம் என்பார்.

சனிக்கிழமை நடை. சென்னீர்குப்பத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கரையான்சாவடி வரை ஜெபமாலை உருட்டிக்கொண்டே நடப்பார். நடக்கும்போது பேச மூச்சு இருக்கணும், பாட மூச்சு இருக்கக்கூடாது, அந்த வேகம். ஒருநாள் எதிரே வண்டியில் வந்த, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நிறுத்திக் கண்டித்தாராம்: "இன்னாம்மா இது, ரயிலப் புடிக்கப் போற மாரி ஜெபமால சொல்ற?"

"மாதாவே சொந்தக்காரம்மாவப் பாக்க மலை நாட்டுக்கு நடந்துதான் ஐயா போனாங்க. ஷேர் ஆட்டோவா வந்திச்சி?"

உபதேசியார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வா என்று கேட்டேன். "பூசை கீதே சார்! எழுந்திரு, உக்காரு, முட்டி போடு, திரும்ப எழுந்திரு. சாமியாரு நல்லா நீட்டி முழக்குனா அதுவே ஒரு முழு செட்டு."

இதையெல்லாம் கேட்டு ஒரு வேகத்தில் நானும் ஜிம்மில் சேர்ந்தேன். பளபளவென்று ஷூ வாங்கினேன். அந்த ஷூ இன்றும் பளபளவென்றுதான் இருக்கிறது. "ஜிம்முக்குப் போறதுக்கு வண்டி, அங்க மாடிக்கு லிஃப்ட்டு, உள்ள போயி நடக்கறதுக்கு ஒரு மிஷினு. நடந்தே போயிருந்தா வாசல்லயே வேல முடிஞ்சிருக்குமே சார்" என்றார் மேடம். பதில் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது.

மெல்ல மெல்ல பிரஸ் ஆட்களும் அவர் வழிக்கு வந்தார்கள். ரப்பர் வேகிறது என்றால் வரிசையாகக் குதிகால்கள் எழும், இறங்கும், அடுத்து எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்பார்கள். அப்படி ஒரு சமயத்தில்தான் எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். கொக்குக் கூட்டம்போல ஒற்றைக் காலில் நின்ற செக்‌ஷனைப் பார்த்து அசந்துபோய், "இது ஜப்பான் முறையா?" என்று கேட்டார்கள். எங்கள் முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர். "ஆமாம் சார், ரொம்ப நாளா ஃபாலோ பண்றோம்" என்றார்.

மறுநாளே போர்டு மாட்டப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு அனைவருக்கும் கட்டாய உடற்பயிற்சி. செக்யூரிட்டி விசில் அடிப்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது. விசில் அடித்ததும் ஒருவருக்கு முட்டி வலித்தது, ஒருவருக்கு வயிறு கலக்கியது, இன்னொருவருக்கு மாமியார் போன் செய்தார். மேடமே வரவில்லை. முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது, "ஒம்போது மணி லோடு ஏத்தற நேரம் சார். வேல நேரத்துல நான் எக்சைசு பண்றதில்ல" என்றார் பணிவாக. சீக்கிரமே அந்த போர்டின் மேல் ஹெல்மெட்கள் தொங்க ஆரம்பித்தன. விசில் நின்றதும் குதிகால்கள் பழையபடி எழுந்தன.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பிரியாணி தயாரானதும், கட்டிலில் இருந்த கணவரை மேசைக்கு அழைத்துவர மேடம் குனிந்தார். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, அவரை அணைத்துத் தூக்கி நாற்காலியில் அமர்த்தினார். அந்த நிலை எனக்குத் தெரிந்ததுதான். கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து வாராவாரம் பார்த்து நான் சிரித்தது அது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவரத் தூக்கறது ஒண்ணும் பெரிசில்ல சார்" என்றார் மேடம். "ஒரு தபாவாவது இவரு தன்னால எழுந்து நிக்கணும். கால்ல சக்தி வந்துடுச்சுன்னு டாக்டரே சொல்றாரு. நான் கைய எடுத்தா உக்காந்துடறாரு, கள்ளன். நாளிக்கே எனக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா?"

"உனுக்கு... இன்னா ஆவும்? குண்டுக்கல்லு மாரி... கீற" என்றார் அந்தோணி சார், இழுத்து இழுத்து.

டிவியில் விளம்பரம் வந்தது. அதுவும் ஒரு வேகும் நேரம். மேடம் உடனே எதிரே போய் நின்றுகொண்டார். "எழுந்திரு பாக்கலாம். மூக்கு முட்டிக்கு மேல வரட்டும். குதிகால அழுத்து. என்னப் பாக்காத, செவுத்தப் பாரு."

"நாளிக்கி" என்றார் அந்தோணி சார்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் "சார் எழுந்தாரா?" என்று நான் கேட்பேன், மேடம் சொல்வார்: "இன்னும் நாளிக்கிதானாம் சார்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான் என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே ஒரு உறவினர், "இவ்ளோ எக்சைசு பண்ணுச்சே, இன்னா பிரயோசனம்? பூட்டுச்சே" என்று சுற்றியிருந்தவர்களுக்கு ஞானம் வழங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று முன்பே சொன்னேன்.

"சாவாம இருக்கறதுக்கு அவுங்க பண்லீங்க. புருசனத் தூக்கறதுக்குப் பண்ணாங்க. கடைசி நாள் வரிக்கும் தூக்குனாங்க. நீங்க ஒரு சிலிண்டரத் தூக்குங்க, பாக்கலாம்" என்றேன். அவர் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

உள்ளே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மகள் பெங்களூரில் இருக்கிறார், மெலிந்த உடம்பு. அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்றார். "நீ எப்டிம்மா தூக்குவ? நல்ல முதியோர் ஹோமா பாத்து சேத்துடலாம்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தோணி சார் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சுதான் தடுமாறும், காது நன்றாகக் கேட்கும். இதை யாரும் நினைத்துப்பார்த்ததாகத் தெரியவில்லை.

கோயிலில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, மேடத்தின் சவப்பெட்டிக்கு அருகே முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பூசை ஆரம்பமானது. "அனைவரும் எழுந்து நிற்போம்" என்றார் சாமியார்.

எழுந்தோம். அந்தோணி சார் முன்பக்கம் சாய்ந்தார். விழப்போகிறார் என்று நினைத்து உபதேசியார் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"கைய... எடு" என்றார் அந்தோணி சார்.

மூக்கு முட்டிக்கு மேல் வந்தது. குதிகால் அழுந்தியது. பெட்டியைப் பார்க்கவில்லை, எதிரே சுவரைப் பார்த்தார். முகம் கோணியது. நடுங்கியபடி பாதி எழும்பி, அங்கேயே கொஞ்ச நேரம் ஆடி, பிறகு முழுதாக நின்றார். யார் கையும் அவர் மேல் இல்லை. சாமியார் அடுத்த வரியை மறந்துவிட்டார்.

நின்றபடியே அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கி, பிலோ" என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான். பிறகு எல்லோரும் உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். பூசை முடியும்வரை ஒன்றைக்கூட விடவில்லை. அன்றைக்குச் சாமியார் நன்றாகவே நீட்டி முழக்கினார். வெளியே வந்ததும் ஹோம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்று புதன்கிழமை, காலுக்கான நாள். டெஸ்பாட்சில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கிறது. பிரஸ்கள் மூடியிருக்கின்றன, உள்ளே ரப்பர் வேகிறது, யாரும் விசில் அடிக்கவில்லை. கம்பி வலை வழியாகப் பார்க்கிறேன். குமாரும் மற்றவர்களும் குதிகாலை உயர்த்தி இறக்குகிறார்கள். நானும் வலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறேன், கடைசி இரண்டில் முகம் கோணுகிறது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், மேடம். அந்தோணி சார் எழுந்து நின்றுவிட்டார்.