நடு விரலா, விரல் நடுவா?

தங்கம் குறைந்திருந்ததை என் கண் கண்டதா, என் பொறாமை கண்டதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாயான் லெப்பாசில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கம் பூசிய பட்டைகளை நாங்கள் ‘விரல்’ என்போம். எக்ஸ்ரே பட்டால் தங்கம் தன் கதிரைத் திருப்பி வீசும். அதன் பலத்தை வைத்து மெஷின் பூச்சின் கனத்தைச் சொல்லும்.

அந்த மெஷினில் முதலில் பயிற்சி எடுத்தவள் நான். கர்ப்பமானதும் விதிப்படி விலக்கினார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் என் நாற்காலியில் சாந்தி. அவளுக்குப் பகல் வேலை, எனக்கு இரவும் பகலும் மாறி வரும் ஷிப்ட். கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறும்போதெல்லாம், கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்குப் பகல் வேலை என்று மனம் எரியும்.

ஒருநாள் அவள் தேநீர் குடிக்கப் போக, நான் மாற்றாக உட்கார்ந்தேன். அவள் பாஸ் செய்த போர்டையே எடுத்து வைத்தேன். நடு விரலில் தங்கம் குறைவு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். குறைவுதான்.

“நீ எங்க அளக்கிற?” என்று வந்ததும் கேட்டேன்.

“விரல் நடுவுலதான்க்கா. சூப்பர்வைசர் அண்ணே அப்படித்தானே சொன்னாரு?”

“எந்த விரல்?”

“மொத விரல். கைக்கு வாகா இருக்குல்ல.”

“அவர் சொன்னது நடு விரல், சாந்தி. ஓரத்து விரல்ல கரண்ட் அதிகம் பாயும், தங்கம் தடிப்பா ஏறும். நடுவுலதான் மெலிசு.”

அவள் முகம் வெளுத்தது. அந்தப் போர்டுகள் அப்போது லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. நான் எழுவதற்குள் அவளே சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

“அண்ணே, ஏத்தாதீங்க! நான் தப்பா அளந்துட்டேன். அக்காதான் கண்டுபிடிச்சாங்க.”

அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வந்தார். “நடு விரல்னதும் வெக்கமாப் போச்சா? பரவால்ல லா, ஒளிக்காம சொன்னியே. நீயே மெஷினப் பாரு.” என்னிடம் திரும்பினார். “நீ கெட்டிக்காரிதான். ஆனா பிள்ளைக்காரிக்கு எக்ஸ்ரே எதுக்கு?”

மெஷின் மூடிய பெட்டி. சட்டையில் குத்தும் ஃபிலிம் பேட்ஜ் ஒருமுறைகூடக் கதிர் பட்டதாகக் காட்டியதில்லை. அவருக்கும் தெரியும். முன்பு அவள் நாற்காலி மீது பொறாமை. இப்போது அவள் ஓடிய ஓட்டத்தின் மீதும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எண்ணைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள்.

மற்றவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். பேட்ஜைக் காட்டி அண்ணனிடம் போய் நின்றால் நாற்காலி எனக்குக் கிடைக்கலாம். சாந்தி தூரத்துப் பைராம் தோட்டத்திலிருந்து வருகிறவள். என் இடத்தில் அவளுக்கு இரவு ஷிப்ட் என்றால் அவள் அப்பா வேலையை விடச் சொல்லிவிடுவார். நான் கேட்கலாமா, கூடாதா? ஓரம் போகாமல், நடுவில் அளந்து சொல்லுங்கள்.