பட்டியலில் இல்லாத பதினாலாவது பெயர்

குருக்கள்மடத்தில் கணினி வகுப்பு நடத்திய ஜெயவதனியின் கணவன் துசாந்தன் சுனாமியில் இறந்தான். முகாமில் உதவிக்கு நின்ற நான்தான் உடலைத் துடைத்தேன். அவள் பார்த்து, அவன்தான் என்று தலையாட்டினாள். இறந்தோர் பட்டியலில் அவனைப் பதினாலாவதாக எழுதினேன்.

காணாமல் போனவர்களைத் தேட அவள் ஒரு கணினி நிரல் எழுதினாள். முகாம் கணினியில் அது ஓடவில்லை. துணைக்கோப்புகள் அவள் வீட்டுக் கணினியில் மட்டுமே இருந்தன. காத்திருந்த தாய்மார் திரும்பிப் போனார்கள். மறுநாள் நிரல், துணைக்கோப்புகள், அவளே தட்டச்சு செய்த என் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிச் சீடியில் கொண்டுவந்தாள்.

"இனி எங்க போட்டாலும் தனிய ஓடும், அக்கா."

"நல்லது. நீ சோறு திண்டியா?"

அவள் சீடியைக் கணினியில் போட்டு, முதல் தாயைக் கூப்பிட்டாள்.

போர் முடிந்த ஆண்டு, அலுமாரியில் கிடந்த அந்தச் சீடியைப் புதுக் கணினியில் போட்டேன். ஓடியது. பதின்மூன்றாவது பெயர் இருந்தது, பதினைந்தாவதும் இருந்தது. துசாந்தனைத் தேடினேன். விபரம் இல்லை என்றது.

அடுத்த மாதம் காய்ச்சலில் ஜெயவதனி இறந்தாள். குளிப்பாட்டிக் குங்குமத்தை எடுத்தேன்.

"விதவைக்குப் பொட்டா, அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தண்ணி வாளியை அங்கால வை" என்று சொல்லிவிட்டுப் பொட்டை வைத்தேன்.