சொல்தா வீட்டு மூக்குத்தி

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற ஆள் நான். காரைக்காலில் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்துப் பிழைத்தவன், பொன்வேலை செய்கிற பத்தர். கல்லில் தோஷம், நகையில் சாபம் என்று வருகிறவர்களிடம் பேசாமல் தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் சிரிப்பேன். செத்தவர்கள் போட்டிருந்த நகையை உருக்கி எத்தனையோ குழந்தைகளுக்கு அரைஞாண் செய்து கொடுத்திருக்கிறேன், ஒரு குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களும் என் மருமகனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள். சிரித்தாலும் சரி, முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, பங்குனி மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நெரவியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து, சொல்தா வீட்டு அம்மா விடியற்காலையில் தவறிவிட்டார்கள், பத்தரைக் கையோடு அழைத்து வரச் சொன்னார்கள் என்றான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வீட்டு ஐயா ஊருக்கு வந்த புதிதில் மனைவிக்கு ஒற்றைக்கல் வைர மூக்குத்தி வாங்கினார், என்னிடம்தான் வாங்கினார், அந்த அம்மாவுக்குப் போட்டுவிட்டதும் நான்தான்.

சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் வளையல், தோடு எல்லாவற்றையும் வீட்டுப் பெண்களே கழற்றிவிடுவார்கள். மூக்குத்தி மட்டும் சில சமயம் வராது. உள்பக்கத்துத் திருகில் வருஷக்கணக்காக அழுக்கு ஏறி இறுகிப்போயிருக்கும், பிடித்து இழுத்தால் மூக்கு கிழியும், செத்தவரைக் காயப்படுத்த யாருக்கு மனசு வரும்? அப்போது பத்தரைக் கூப்பிடுவார்கள். நகைக்கடை வைக்கிறவன் யாரும் இந்த வேலையைப் பலகையில் எழுதிப் போடுவதில்லை, ஆனால் கூப்பிட்டால் போகாமல் இருக்கவும் முடியாது.

போனேன். அந்த அம்மாவைக் கூடத்தில் மஞ்சள் பூசி, பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஒரே மகள் கோமதி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், பதினெட்டு வயது இருக்கும், அழுது அழுது குரலே போயிருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். நல்லபடியாகக் கழன்றுவிட்டது. எண்ணெய்க் கை, மூக்குத்தி வழுக்கி அந்த அம்மாவின் மேலுதட்டில் விழுந்தது, கல் மேலே பார்த்தபடி.

எடுக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டேன். கல் மங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளிச்சென்று ஆனது, உடனே மறுபடியும் மங்கியது. வைரம் வாங்கும்போது நாங்கள் கல்லின் மேல் ஊதிப் பார்ப்போம். கண்ணாடியாக இருந்தால் மூச்சின் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும், வைரமாக இருந்தால் படிந்த வேகத்தில் போய்விடும். அப்படியானால் மங்கி மங்கித் தெளிகிறது என்றால் என்ன அர்த்தம், யாரோ விட்டு விட்டு ஊதுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? உன் மூச்சாக இருக்கும் என்பீர்கள். நுணுக்கமான வேலை செய்யும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வோம், அன்றைக்கும் நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அய்யா, அம்மாவுக்கு மூச்சு வருதுங்க!" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீடு பட்ட பாட்டை நான் எப்படிச் சொல்வேன். பறைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கோமதி மாலையையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு அம்மாவின் உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள், "அம்மா, கண்ணத் தொறம்மா, எல்லாரும் இருக்கோம்மா" என்று அந்தப் போன குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காரைக்காலிலிருந்து டாக்டரைக் காரில் கூட்டிவந்தார்கள். அவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், உயிர் போய் வெகு நேரம் ஆகிவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நகைய எடை போடுறது உங்க வேலை. இது என் வேலை" என்றார். கோமதி கேட்கவில்லை. அவளுக்காக இன்னொரு டாக்டரும் வந்தார், அவரும் அதையேதான் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தூக்கினார்கள். கோமதி பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உசுரோட கொளுத்தப் போறாங்களே! பத்தரண்ணே, நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்களேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்தவன் கடைசிவரை நின்றிருக்க வேண்டும், இல்லை திறந்தே இருக்கக் கூடாது. நான் இரண்டும் கெட்டானாக நின்றேன், அவள் கையைப் பிரித்து எடுத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து கோமதி அடுப்புக்கிட்டே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நெருப்பைப் பார்த்தால் உடம்பு உதறுமாம், சமையலுக்கு ஆள் வைத்தார்களாம். அவள் அப்பா ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்றார். "உங்க மேல கோவம் இல்ல பத்தரே. ஆனா அன்னைக்கு நீங்க வராமயே இருந்திருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட அந்த வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்ட பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும் போலிருந்தது. அப்புறம் பல வருஷம் எந்தச் சாவு வீட்டுக்கும் மூக்குத்தி கழற்ற நான் போகவில்லை.

எண்பத்துமூன்று, நான்கு வாக்கில் ஒரு மத்தியான நேரம், கடையில் யாரும் இல்லை, கோமதி வந்து நின்றாள். பூவத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். சிமிழைத் திறந்து அந்த மூக்குத்தியை என் முன்னால் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு இதத்தான் போட்டுக்கணும்னு அப்பா சொல்றாங்க. நீங்கதான கழட்டுனீங்க, நீங்களே போட்டு விடுங்கண்ணே" என்றாள். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நீங்க பாத்தது உங்க மூச்சாத்தான் இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போற வீட்ல போயி அடுப்பு பத்த வைக்க மாட்டேன்னு நான் எப்படிண்ணே சொல்வேன்?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகு உண்மை சொல்ல எவனால் முடியும்? "ஆமாம்மா, என் மூச்சுதான். நான்தான் பதறிப்போயி உளறிட்டேன். என்ன மன்னிச்சிடு" என்றேன். மன்னிப்புக் கேட்டது மட்டும்தான் அதில் நிஜம். கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள்.

திருகு காற்றில் உருண்டுவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். அவள் கைக்கண்ணாடியை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள். மூக்குத்தியைப் பொருத்திவிட்டு, "கொஞ்ச நேரம் மூச்ச அடக்கிக்கம்மா, ஆடாதே" என்று சொல்லி, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். கடைசிச் சுற்று சுற்றும்போது கல் மங்கியது.

நம்பினால் நம்புங்கள், அவள் கையில் இருந்த கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை. கல்லில் மட்டும் படிந்தது, தெளிந்தது, திரும்பப் படிந்தது. எங்கள் இரண்டு முகங்களுக்கும் நடுவில் இன்னொரு முகம் நுழைய இடமில்லை. நான் திருகுவதை நிறுத்தியதைப் பார்த்தாளோ, கண்ணாடியிலேயே பார்த்துவிட்டாளோ, கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இதுவும் உங்க மூச்சுதானண்ணே?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் ஒரு விரலால் கல்லைத் தொட்டாள். விரல் நுனி ஈரமாக இருந்தது, நான் பார்த்தேன். அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், சிமிழை மூடி எடுத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. போன வீட்டில் அவள்தான் சமைக்கிறாள் என்று அவள் அப்பா கடைக்கே வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகென்ன, உங்கள் பொய் நல்லதுதானே செய்திருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. அது என் மூச்சு என்று கோமதி நம்பியிருந்தால், அந்த ஈரத்தை எதற்காகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்?